ஏழாவது சரத்து

இனிமேல் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை தூங்குவது. வேலையிலிருந்து நின்ற அன்று நான் எடுத்த ஒரே முடிவு இதுதான். முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிற்று. எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

என் மனைவி சித்ரகலாவுக்கு அலுப்பு என்பதே கிடையாது.

"ஏனுங்க, மாடி சும்மாதான கெடக்குது? நாலு மெஷின் போட்டா ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டலாமுங்க" என்றாள்.

நாலு மெஷின். என் கட்டிலுக்கு நேர் மேலே.

அவள் இரண்டாம் தடவை சொல்வதற்குள் மாடியை வாடகைக்கு விட்டுவிட்டேன். வந்தவன் ராபின். தூத்துக்குடிப் பக்கம், கட்டிங் மாஸ்டர். புருஷன் பெண்டாட்டி இருவரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். மத்தியானம் மாடியில் பல்லி நடந்தாலும் கேட்கும்.

அக்ரிமென்ட்டை நானே எழுதினேன். பதினொரு மாதம். அதில் ஏழாவது சரத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். 'இடையில் காலி செய்தால் மாற்று ஆளைக் கொண்டுவந்து விட்டுவிட்டே போக வேண்டும். அந்த ஆள் குடிப்பழக்கம் இல்லாதவராகவும், வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாவது பழக்கமானவராகவும் இருக்க வேண்டும்.' ஊருக்கு வந்தே இரண்டு வருஷமான ராபின் அப்படி ஒருவரை எங்கே போய்ப் பிடிப்பான்?

ஐந்தாம் மாதம் ராபின் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, காலி பண்ணலாம்னு இருக்கோம். கம்பெனிக்குப் பக்கத்துலயே வீடு அமைஞ்சிருக்கு."

"ஏழாவது சரத்தப் படிச்சீங்களா தம்பி?"

"படிச்சேன் அண்ணாச்சி. ஆளு ரெடியா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "யாரது? கூப்புடுங்க பாக்கலாம்."

ராபின் சமையலறைப் பக்கம் திரும்பினான். "அக்கா, அண்ணாச்சி கூப்பிடுதாங்க."

சித்ரகலா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீயா?"

"ஏனுங்க, நா குடிப்பனுங்களா?"

"அதில்ல..."

"கல்யாணமாயி முப்பத்தோரு வருசமாச்சு. பழக்கம் பத்தாதுங்களா?"

பத்தாது என்று சொல்லிவிட்டு அன்றைக்குச் சோற்றுக்கு எங்கே போவது?

"நம்மூட்டுக்கே நீ குடி வருவியா?"

"நா வர்லீங்க. மெஷினுதான் வருது. கையெழுத்து மட்டும் நா போடறேன்."

ராபினை முறைத்தேன். "புது ஊடு பாத்துக் குடுத்தது யாரு தம்பி?"

ராபின் தலையைச் சொறிந்தான். "அக்காதான்."

மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

மறுவாரம் மெஷின்கள் ஏறின. பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பெண்கள் தைக்க வந்தார்கள். இரண்டு மணிக்குக் கட்டில் அதிர்ந்தது. இரண்டேகாலுக்கு மாடியிலிருந்து சித்ரகலாவின் குரல் வந்தது.

"எப்படியும் தூங்க மாட்டீங்க. மேல வாங்க, கைமடிக்கு ஆளில்ல."

கைமடி என்றால் டெய்லர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்கி, நூல் பிசிறு வெட்டும் ஆள். முப்பது வருஷமாக நான் விரட்டி விரட்டி வேலை வாங்கிய ஆள். பத்து நாள் வெட்டினேன். பதினோராம் நாள் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"என்னால முடியாது சித்ரா. நா நின்னுக்கறேன்."

அவள் மெஷினை நிறுத்தக்கூட இல்லை. "தாராளமா நில்லுங்க. ஏழாவது சரத்துப்படி மாத்து ஆள உட்டுட்டுப் போங்க. குடிக்காத ஆளு. இருபது வருசப் பழக்கம் இருக்கோணும்."

கம்பத்துக்குக் கம்பம் 'ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்கும் ஊர் இது. ஆனாலும் கிளம்பினேன். எனக்கு இருபது வருஷம் பழகியவர்களில் குடிக்காதவர் ஒரே ஒருவர்தான். அங்கமுத்து, என்னோடு வேலையிலிருந்து நின்றவர். அவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மாடியில் மெஷின் சத்தம். இன்னும் பலமாகக் கூப்பிட்டேன்.

அங்கமுத்து எட்டிப் பார்த்தார். கையில் கத்தரி, சட்டையெல்லாம் நூல் பிசிறு, முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சிவராஜ், வாங்க! உங்களத்தானுங்க தேடிட்டு இருந்தேன். நீங்க குடிக்க மாட்டீங்கல்ல?"