ஏசி வேனில் எடுத்த சூட்டுப் படம்

மரக்காணம்

அன்பும் வம்பும் நிறைந்த நாத்தனார் ஆண்டாளுக்கு, அண்ணி அஞ்சலாட்சி எழுதிக்கொள்வது என்னவென்றால், இங்கு நானும் உன் அண்ணன் மாயவனும் ஆடு ரெண்டும் சௌக்கியம். அங்கு பொம்மையார்பாளையத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் இதற்குள் போன் போட்டு மூக்கு சிந்தியிருப்பாய். போன் இருக்கும்போது எதுக்கு கடிதாசி என்று கேட்காதே. என் போன் தண்ணியில் விழுந்ததிலிருந்து ஸ்பீக்கர் போட்டால்தான் பேசுது. மார் சமாச்சாரத்தை ஸ்பீக்கரில் பேசினால் ஆடு கூட திரும்பிப் பார்க்கும்.

எல்லாம் உன்னால் வந்தது. "அண்ணி, மார்புல புத்து கித்து இருக்குதான்னு பாக்குற வேன் உங்க ஊருக்கு வருது, தொட மாட்டாங்க, அழுத்த மாட்டாங்க, ஊசி கிடையாது, எட்ட நின்னு ஒரு போட்டோ, அவ்வளவுதான்" என்று நீதானே சொன்னாய். நீ போட்டோ என்று சொன்னதை நான் அப்படியே உப்பளத்தில் போய்ச் சொல்லிட்டேன். வேன் வந்த அன்னிக்கு அதன் வாசலில் நின்ற வரிசையை நீ பார்த்திருக்கணும். கூட வேலை செய்யற பொன்னி கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கவரிங் ஆரம் போட்டுக்கொண்டு, டப்பா பவுடரைக் கழுத்துக்குக் கீழே வரைக்கும் அப்பிக்கொண்டு வந்து நின்னாள். நான் மட்டும் சும்மாவா போனேன், தலை கொள்ளாத மல்லிப்பூவோடுதான் போனேன். உள்ளே சரண்யா என்று ஒரு கம்ப்யூட்டர் பொண்ணு. "ஜாக்கெட்டைக் கழட்டிட்டு திரைக்குப் பின்னாடி உக்காருங்கக்கா, பயப்படாதீங்க, முகம் படத்துல விழாது" என்கிறாள். பொன்னிக்கு வந்ததே கோபம். "ஏம்மா, அப்ப நான் யாருக்கு இவ்ளோ பவுடர் போட்டேன்?" பவுடரே ஆகாதாம். அந்தப் பொண்ணு ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க பொன்னி பழைய பொன்னியாக வந்துகொண்டே இருந்தாள்.

அப்புறம் உடம்புச் சூடு அடங்கணும் என்று ஏசியில் உட்கார வைத்தாள் பார், இத்தனை வருஷம் உப்புப் பாத்தியில் வெந்த உடம்பு, பல்லு தந்தி அடிச்சுது. ஒருவழியாக படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் காட்டினாள். அது நானாம். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக, திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டின மாதிரி ஒரு பொம்பளை. இடது பக்கம் ஒரு இடம் மட்டும் செவசெவன்னு இருக்குது. "அக்கா, இது புத்துன்னு சொல்ற மெஷின் இல்ல, எங்க சூடு ஜாஸ்தின்னு மட்டும்தான் காட்டும். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய் மேமோகிராம், ஸ்கேன் ரெண்டும் கட்டாயம் எடுத்துடுங்க" என்கிறாள்.

எனக்குக் கோபம் வருமா வராதா? கேட்டேன். "ஏம்மா, காலையிலேர்ந்து பாத்தியில உப்பு வாரிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய் குளிச்சிட்டு வந்து நிக்கிறேன். வெயிலு இடது பக்கம்தான் அடிச்சுது. ஈரத்துண்டை வலது தோள்ல போட்டிருந்தேன். அந்தப் பக்கம் சில்லுன்னு இருக்குது, இந்தப் பக்கம் காயுது. சூரியனைப் போய் ஸ்கேன் எடு." அவள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மறுபடியும் ஏசியில் உட்கார வைத்து மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் அதே செவப்பு. ரிப்பேர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுத்தறாங்க. பொன்னிக்கு ஒண்ணும் இல்லையாம், அவ உடம்பு நீலமும் பச்சையுமா ஏரி மாதிரி குளுகுளுன்னு இருக்குதாம்.

உன் அண்ணன் பண்ணினதைக் கேளு. டீக்கடையில் உட்கார்ந்து, "எம் பொண்டாட்டி சூடான ஆளுன்னு கண்டுபிடிக்க மெஷின் வேணுமா, தாலி கட்டின அன்னிக்கே எனக்குத் தெரியுமே" என்று சொல்லியிருக்கிறார். அன்னிக்கு அவருக்கு ஆறின சோறுதான். இப்ப என்னடான்னா, செருப்பு மாட்டும்போது "எப்ப போறோம்", கை கழுவும்போது "எப்ப போறோம்". பேச்சை மாத்தினா ஆட்டைப் பார்த்துக் கேட்கிறார்.

நான் போகப் போறதில்லை. உப்பு நல்லா விளையுற நேரம், மழை வந்தா எல்லாம் கரைஞ்சு போகும். வெயில்ல வேலை செய்யறவளைப் பார்த்து நீ சூடா இருக்கேன்னு சொல்றதுக்கு ஒரு வேன், ஒரு ஏசி, ஒரு படிச்ச பொண்ணு. இதுதான் என் முடிவு, இனி இதைப் பற்றி வாயைத் திறக்காதே.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ மஞ்சள் குங்குமத்தோடும் கொஞ்சம் அடக்கத்தோடும் நீடூழி வாழணும்.

இப்படிக்கு,
உன் வாய்க்கு ஈடு கொடுக்கிற ஒரே ஆள்,
அஞ்சலாட்சி

பி.கு.: ஒட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. அன்னிக்கு நான் உப்பளத்துக்கே போகலடி. போட்டோவுல கருப்பா விழுந்துடுவேன்னு லீவு போட்டுட்டு வீட்டுல ஃபேனுக்கு அடியிலதான் உக்காந்திருந்தேன். பொன்னிக்குத் தெரியும். நான் வெயிலு வெயிலுன்னு அந்தப் பொண்ணுகிட்ட கத்தறப்ப பக்கத்துலதான் நின்னா. அவ வாய் உனக்குத் தெரியுமில்ல, ஒரு வார்த்தை பேசல. என் கையை மட்டும் புடிச்சுக்கிட்டா. புதன்கிழமை பாண்டிச்சேரி போற மொத பஸ்ஸுல வர்றேன். உங்க ஊர் ஸ்டாப்புல நின்னு நீயும் ஏறிக்கோ. உன் அண்ணனை வெளியில உக்கார வெச்சிடலாம், உள்ள கூப்பிடறப்ப நீ என்கூட வா.