முனியப்பனுக்கு விட்ட சேவலின் வால்

நாயும் பூனையும் இருக்கிற வீட்டில் எலி அண்டாது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அவர்கள் வீட்டில் நாயும் இருக்காது, பூனையும் இருக்காது. எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. எலிகளும் இருந்தன. மூன்று தரப்பும் ஒரு சச்சரவில்லாமல் ஒரே வாசலில் குடித்தனம் நடத்தின. நடுவில் புகுந்து கெடுத்தவள் நான்தான்.

எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் கடலைக்காய் பிடுங்கி முடித்ததும் காட்டு எலியெல்லாம் வீடு பார்த்துக் கிளம்பிவிடும். அந்த வருஷம் அவற்றுக்கு எங்கள் கோழிக்கூடு பிடித்துப்போனது. தவிடு போனது, முட்டை போனது, பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் பெட்டைக்கோழி ஒன்று நொண்டிக்கொண்டு வெளியே வந்தது. தூக்கிப் பார்த்தால் கால் விரலைக் கடித்து வைத்திருக்கிறது. இனிப் பொறுக்க முடியாது. அதே கூட்டில்தான் சாமி சேவலும் அடைந்துகொண்டிருந்தது.

சாமி சேவல் என்றால் எங்கள் குலசாமி முனியப்பனுக்கு நேர்ந்து விட்ட சேவல். நேர்ந்தவர் என் மாமியார். நேர்ந்தது என் பேருக்கு. மகள் பிறந்தபோது எனக்கு ரத்தப்போக்கு நிற்காமல், தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரே கையைப் பிசைந்தாராம். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தை, "எம் மருமவள எழுப்பி வுடு, உனக்கு ஒரு சேவல் தரன்" என்று முனியப்பனிடம் பேசி முடித்துவிட்டார். நான் பிழைத்து வந்தேன். இதை எனக்குச் சொன்னவர் என் கணவர். அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பாசமாகப் பேசிக் கேட்டவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை ("சாப்டியா?" என்பதையே போலீஸ் விசாரணை மாதிரிதான் கேட்பார்). ஆனால் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் பங்காளிகள் முடிவெடுத்ததும், நல்ல செவலைக் குஞ்சாகப் பார்த்து எடுத்து, தன் கையால் கம்பும் ராகியும் போட்டு வளர்த்தார். அந்தச் சேவலைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வீட்டில் நான் வேண்டப்பட்டவள் என்று எனக்கு ஒரு தெம்பு வரும்.

அப்படிப்பட்ட சேவலுக்கு ஊனம் வரக்கூடாது. விற்கக்கூடாது, வேறொன்றை மாற்றி வைக்கவும் கூடாது. இவ்வளவும் தெரிந்திருந்த நேரத்தில்தான் அத்தை ஓசூருக்குக் கிளம்பினார். அங்கே நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"கோயிலுக்குப் பொங்க வெக்கறதுக்கு மொத நாளு வந்துருவன். சாமி சேவல பத்தரமா பாத்துக்கம்மா. அது மேயற எடத்துல எலி மருந்து கிலி மருந்துன்னு எதையும் வெச்சிராத."

"நீங்க கவலப்படாம போய்ட்டு வாங்கத்த" என்றேன். அவர் கவலையோடுதான் போனார்.

மருந்து கூடாது என்றானபின் மிச்சம் இருந்தது நாயும் பூனையும். நாயின் பெயர் டைகர். குட்டியாக இருக்கும்போது ஒரு கோழிக்குஞ்சைக் கவ்விவிட்டு அத்தையிடம் முருங்கைக் குச்சியால் வாங்கியது. அன்றோடு அது கோழிக்கூட்டின் பக்கம் திரும்பிப் படுப்பதையே விட்டுவிட்டது. எலி கூட்டுக்குள் போனாலும், வாயில் முட்டையோடு வெளியே வந்தாலும், டைகர் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கும். கோழி விவகாரத்தில் இனித் தலையிடுவதில்லை என்பது அதன் கொள்கை. பூனை ராணியை என் மகள் தயிர்ச்சோறு போட்டு வளர்த்திருந்தாள். ஒரு எலி அதன் தட்டிலேயே சோறு தின்றதை என் கண்ணால் பார்த்தேன். ராணி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டது.

கடையில் எலி ஒட்டுகிற பசை அட்டை வாங்கி வந்து கூட்டின் பின்னால் வைத்தேன். அதில் ராணி ஒட்டிக்கொண்டது. நல்லெண்ணெய் தேய்த்துப் பிரித்தெடுத்தேன். அதற்குப் பிறகு அதற்கு என்மேல் இருந்த மரியாதையும் போய்விட்டது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். எலியை அறுத்துப் பார்த்திருக்கிறேன். பிடித்ததில்லை.) கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, காலிக் கூட்டுக்குள் ராணியைப் போட்டு அடைப்பது. பழக்கத்தில் வரும் எலிகள் உள்ளே பூனையைப் பார்த்துப் பயந்து ஊரைக் காலி செய்யும். வெளியே ஓடுகிறவற்றை டைகர் பார்த்துக்கொள்ளும். பெங்களூரில் வேலையில் இருந்த என் கணவரிடம் போனில் சொன்னேன்.

"ராணி ஒத்துக்கிச்சா?" என்று கேட்டார்.

கேலி என்று நினைத்து போனை வைத்துவிட்டேன். பொழுது சாய்ந்ததும் கோழிகளைக் கொண்டுவந்து சமையலறையில் கூடை போட்டுக் கவிழ்த்தேன். சாமி சேவலைக் கூடையில் போட மனசு வரவில்லை, மரியாதையாக நடு வீட்டில் டிவி பக்கத்தில் நிற்க வைத்தேன். ராணியைக் கூட்டுக்குள் தள்ளித் தட்டியைச் சாத்தினேன். டைகரைக் கூட்டின் பக்கத்திலேயே தென்னங்கயிற்றில் கட்டினேன். வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

எலி வந்தது. ராணி அலறியது. அது எலியைப் பார்த்து அலறியதா, கோழிப்பேன் கடித்து அலறியதா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் கேட்டு, இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துக் கிடந்த டைகர் முதல்முறையாகக் கோழிக்கூட்டின் பக்கம் திரும்பியது. கோழிக்கூட்டுக்குள் பூனை. அதன் அகராதியில் அதைவிடப் பெரிய திருட்டு கிடையாது. கயிறு அறுந்தது. தட்டி விழுந்தது. ராணி என் தோளில் ஒரு கால் வைத்துத் தாண்டி வீட்டுக்குள் பாய்ந்தது, டைகர் என்னைத் தள்ளிவிட்டு அதன் பின்னால் பாய்ந்தது.

நடு வீட்டில் நின்றிருந்த சேவல் என்ன நினைத்ததோ, டிவி மேல் ஏறி, அங்கிருந்து ஜன்னல் கம்பியில் மோதி, திறந்திருந்த வாசலைப் பார்த்துப் பறந்து வந்தது. வெளியே ரோடு. ரோட்டில் தக்காளி ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. ஐயோ, அத்தையின் சேவல் என்று இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தேன். நன்றாகத்தான் பிடித்தேன். சேவல் மட்டும் போய்விட்டது. வால் முழுக்க என் கையில் இருந்தது.

கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு எலிகள் நிம்மதியாகத் தவிடு தின்றுகொண்டிருந்தன.

சேவல் எதிர்வீட்டு ஓட்டின்மேல் ஏறியிருந்தது. ஒரு கீறலும் இல்லை, வால்தான் இல்லை. வால் இருந்த இடம் ஊருக்கே தெரிகிற மாதிரி இருந்தது. இறகுகளைப் பொறுக்கிப் பேப்பரில் சுற்றிவைத்துவிட்டு கணவருக்கு போன் செய்து அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "அந்தப் பசை அட்ட மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார். அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அத்தை சொன்னபடி வந்து இறங்கினார். சேவலைப் பார்த்தார். அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கால் கழுவினார், தண்ணீர் குடித்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். "வேற சேவல் வாங்கிக்கலாங்கத்த" என்றேன்.

"உம் பேரு சொல்லி வுட்டது இது. மாத்தறதுக்கு என்னா சந்தையா?" என்றார். அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமி ஏற்காவிட்டால் என் உயிருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இருந்தது, பொய் சொல்வானேன். அதைவிடப் பெரிய பயம், அத்தை என்மேல் வைத்திருந்ததை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன் என்பது.

மறுநாள் கோயிலில் பங்காளிகள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். சேவலை இறக்கியதும் பூசாரி குனிந்து பார்த்தார்.

"வால் எங்கம்மா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தை என் கையை அழுத்தினார்.

"எலி கடிச்சிருச்சுங்க."

"வால் மொத்தத்தையுமா?"

"மொத்தத்தையுந்தாங்க. எங்கூட்டு எலி அப்பிடி."

வாழ்நாளில் பொய் பேசாத மனுஷி. முனியப்பனின் முகத்துக்கு நேராக நின்று பேசினார். பிறகு சாமியைப் பார்த்து, "யாரு பேருக்கு நேந்தனோ அவ கையும் காலுமா நல்லா நிக்கறா, பாத்துக்க. வாலயா பாக்கப் போற?" என்றார். வேண்டுதல் மாதிரி இல்லை, அதட்டல் மாதிரி இருந்தது.

பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். சேவல் உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. அது அசையாமல் நின்றது. அத்தை என் கையை இன்னும் விடவில்லை. அப்புறம் சேவல் இல்லாத வாலையும் சேர்த்து உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. குலவைச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது கெட்டாலும் எலிதான் காரணம். பைக்கில் கீறல் விழுந்தால் என் கணவர் எலி கடித்துவிட்டது என்பார். கணக்கில் மார்க் குறைந்தால் என் மகளும் அதையே சொல்லுவாள்.

போன மாதம் அத்தைக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். அன்று சாயங்காலம் என் கணவர் சமையலறையில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, நேற்று வாங்கிய வெல்லம் எங்கே போனது என்று சத்தம் போட்டார். அத்தை என்னைப் பார்த்தார்.

"எலிங்க" என்றேன்.

அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.