மூடி சார் கொடுத்த வருமானச் சான்றிதழ்

ஏழைகளைக் கணக்கெடுக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஏழ்மையை மோந்து பார்த்தே சொல்லத் தெரிந்தவர் எங்கள் மூடி சார் ஒருவர்தான். எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தார். அவருடைய நிஜப் பெயரையும் எந்த ஆபீஸ் என்பதையும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் எங்கள் ஊரில் யாருக்கும் விளங்காது. மூடி சார் என்றால் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளை பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மெட்ராசில் எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்றால், அரசாங்கத்தின் கடன் உதவித்தொகை ஒன்றுதான் வழி. படித்து முடித்து வேலைக்குப் போய்த் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். அது கிடைக்க அப்பாவின் வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்பை வைத்த புண்ணியவான் யாரோ, அதற்குள் அடங்கி உயிரோடு இருப்பதே கஷ்டம். உயிரோடும் இருந்து பிள்ளையை பி.எஸ்ஸி. வரை படிக்கவும் வைத்தவன் நிச்சயம் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். கணக்குப்பிள்ளை எழுதித் தருவார், தாசில்தார் முத்திரை வைப்பார். நடுவில் மூடி சார் வீட்டுக்கு வந்து நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மற்ற இன்ஸ்பெக்டர்கள் ஆபீசில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். இவர் வாடகை சைக்கிளில் வெயிலில் வருவார். வந்தவர் நாற்காலியில் உட்கார மாட்டார், பேப்பரைப் பார்க்க மாட்டார், நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்து ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறப்பார். அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு அளப்பார். காபிப்பொடி வாசனை வந்தால் போச்சு, அந்த விண்ணப்பத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒரு வீட்டில் அரிசி மூட்டையைக் கிணற்றுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மனிதர் தாகமாக இருக்கிறது, பச்சைத் தண்ணீர் இறைத்துக் கொடுங்கள் என்றார். இன்னொரு வீட்டில் ரேடியோவைத் தூளியில் போட்டுத் துணியால் மூடிக் குழந்தை என்று ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், அணைக்க மறந்துவிட்டார்கள். குழந்தை 'வயலும் வீடும்' நிகழ்ச்சி பேச ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து அரிசி மண்டிக்காரர் வீட்டில் நடந்தது. அவர் தன் பையனுக்காக மண்டியைத் தம்பி பெயரில் எழுதிவைத்து, வீட்டில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, தயாராக இருந்தார். மூடி சார் மூடியைத் திறந்தார், தலையை ஆட்டினார். "எனக்கும் ஒரு சொம்பு ஊத்துங்க. தம்பி, நீயும் வா, சேந்து குடிக்கலாம்" என்றார். பையன் ஒரு வாய் குடித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மூடி சார் சொம்பைக் காலி செய்து கீழே வைத்தார்.

"இன்னா தம்பி, முதல் தடவையா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மண்டிக்காரர் அதை மறக்கவே இல்லை.

இப்படிப்பட்ட ஆளைச் சமாளிக்க எங்கள் ஊரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்டலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. ஏரிக்கரையில் எஸ்தரம்மாவின் குடிசை இருந்தது. ஓலைக் கூரை, ஒரே அறை, ஒரே பானை. புருஷன் இல்லை. செங்கல் சூளையில் கல் சுமந்து, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹாஸ்டலில் விட்டு மகள் மேரியைப் படிக்கவைத்தாள். மூடி சார் வருகிற நாளில் அந்தக் குடிசையைத் தங்கள் வீடு என்று காட்டினார்கள். முதலில் தையற்காரர் மகன், பிறகு போஸ்ட்மேன் தம்பி, மூன்றாவது நான்.

எஸ்தரம்மாவிடம் கேட்கப் போனபோது அப்பா ஏதோ கொடுக்க நீட்டினார். அவள் வாங்கவில்லை. "வூடு தானேண்ணா, எத்துக்கினா போவப் போறே? புள்ள படிக்கட்டும்" என்றாள்.

என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எட்டு சைக்கிள். மூடி சார் வாடகைக்கு எடுப்பதே எங்கள் கடையில்தான். அன்றைக்கு அப்பா கிழிந்த வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, கூலிக்காரராகக் குடிசை வாசலில் நின்றார். கடையில் அப்பாவுக்குப் பதிலாக உட்கார்ந்து சித்தப்பா சைக்கிள் கொடுத்தனுப்பினார். மூடி சார் வந்து இறங்கினார்.

"உங்கள எங்கியோ பாத்த மாதிரி கீதே?"

"கூலிக்காரன் சார், நாலு எடத்துல பாத்திருப்பீங்க."

உள்ளே மாதா படம், முன்னால் மெழுகுவத்தி. மூடி சார் மாதாவைப் பார்த்தார், அப்பாவின் விபூதியைப் பார்த்தார்.

"எங்க வூட்ல எல்லா சாமியும் கும்புடுவோம் சார்" என்றார் அப்பா, கேட்காமலே.

மேரி அப்போது பி.எஸ்ஸி. கடைசி வருடம். என் தங்கையாக நடிக்க ஒத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உன் அண்ணன் பேரு என்னம்மா?"

மேரி விழித்தாள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. "அண்ணன்னுதான் சார் கூப்புடுவேன்" என்றாள். மூடி சார் இருமினார். அது சிரிப்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பானையைத் திறந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. என் அப்பா இருக்கிறாரே, பழக்கதோஷம், சட்டென்று குந்தி உட்கார்ந்து, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிச் சங்கிலியை மாட்டி, பிரேக்கையும் சரிபார்த்து, மணியை ஒருமுறை அடித்துக் கொடுத்தார்.

"கூலி வேலையில இதுவும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே மூடி சார் மிதித்துப் போனார்.

அவருக்கு எல்லாம் தெரியும். போஸ்ட்மேன் தம்பிக்காக வந்தபோதே, உப்பு எங்கே என்று அந்த வீட்டுக்காரர்கள் தேட, "அந்த மூலையில கொட்டாங்குச்சியில பாரும்மா" என்று சொன்னாராம். தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று பிறகு ஒருநாள் அப்பா கேட்டார். "வரம்புக்குப் பத்து ரூபா மேல சம்பாரிச்சவன் புள்ள எங்கய்யா போவான்? மண்டிக்காரன் பீஸ் கட்டுவான், நீ கட்டுவியா?" என்றார்.

நான் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். அடுத்த வருடம் மேரிக்கு மெட்ராசில் கணித எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்திலேயே அப்படி ஒரு பெண் கிடையாது. பணம் கட்ட இரண்டு வாரம் கெடு. விண்ணப்பம் ஆபீசுக்குப் போனது. அங்கே ஒரு மொட்டைக் கடுதாசி முன்னாடியே போய் உட்கார்ந்திருந்தது. ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பங்களுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், விசாரிக்கவும் என்று. எழுதியது மண்டிக்காரர்தான் என்பது ஊருக்கே தெரியும். தாசில்தார் கோப்பை எடுத்துப் பார்த்தார். மூன்றும் அதே எண். நாலாவதாக மேரியின் விண்ணப்பம், அதுவும் அதே எண். நிறுத்திவைத்துவிட்டார். உண்மையான ஏழையின் விண்ணப்பம் எங்கள் மூன்று பேரின் பொய்க்கு அடியில் மாட்டிக்கொண்டது.

சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்தேன். பஸ் நிற்கிற இடத்தில் மேரி நின்றிருந்தாள். "அண்ணா, என் ஃபாரம் நின்னுபோச்சுண்ணா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நான் ஆபீசுக்குப் போய், அது என் வீடு இல்லை சார் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மேரிக்குச் சான்றிதழ் வந்துவிடும். என் உதவித்தொகை போய்விடும், வாங்கியதையும் உடனே திருப்பிக் கட்ட வேண்டும். "நீ போனா உன் படிப்பு பாதியில நிக்கும்டா, கடையும் போயிடும்" என்றார் அப்பா. நான் போகவில்லை. வயிற்றுவலி என்று பாயில் சுருண்டு படுத்துக்கொண்டேன். வயிற்றில் ஒன்றும் இல்லை, பயம்தான்.

திங்கட்கிழமை மூடி சார் கடைக்கு வந்தார். அப்பா எழுந்து நின்றார். நான் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"எழுதிக் குடுத்துட்டேன்யா" என்றார். "அந்த மூணு வூட்டுக்கும் நான் போவவே இல்ல. ஆபீஸ்ல உக்காந்துகினே கையெழுத்துப் போட்டேன், கதவு நம்பர் தப்பாப் போட்டது நான்தான்னு. பசங்க படிப்புக்கு ஒண்ணும் ஆவாது."

"சார், நீங்களா போய்ப் பாக்காம..." என்று அப்பா அழ ஆரம்பித்தார்.

"சரி சரி, நல்ல சைக்கிளா ஒண்ணு குடு. போன தடவ குடுத்தது மகா மட்டம்."

இருபது வருடம் வெயிலில் சுற்றி, பார்க்காமல் ஒரு கையெழுத்துக்கூடப் போடாத மனிதர் அப்படி எழுதிக் கொடுத்தார். சம்பள உயர்வை நிறுத்தினார்கள். எங்கேயோ தெற்கே மாற்றினார்கள். ஆபீசில் பியூன்கூட 'பாக்காமலே போட்டவரு' என்று சிரித்தானாம்.

சரி, மேரிக்காவது கிடைத்ததா? விசாரணை முடிந்து சான்றிதழ் வரும்போது கெடு தாண்டி ஆறு நாள். மூடி சாரே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனார். "தாமதம் என் தப்பும்மா, புள்ளயோட தப்பு இல்ல" என்று பிரின்சிபாலிடம் நின்றுகொண்டே பேசினாராம். அந்த அம்மாள் மரியாதையாகவே பதில் சொன்னார். இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வருடம் எஸ்தரம்மா படுத்த படுக்கையானாள். மேரி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போனாள். எம்.எஸ்ஸி. படிக்கவே இல்லை.

நான் லெக்சரராகிக் கடனைக் கட்டி முடித்த பிறகு ஒருமுறை மணிமங்கலத்தில் மூடி சார் வீட்டுக்குப் போனேன். ரிடையர் ஆகியிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "வாப்பா, அப்பா சௌக்கியமா?" என்றார். அடுத்த கேள்வி, "அந்தப் பொண்ணு மேரி எப்படிக் கீது?" சொன்னேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சு" என்றார். பிறகு என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. நானும் சாப்பிட்டுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்தேன். இரண்டு வருடத்தில் அவர் போய்விட்டார்.

அதனால் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு வரியை இன்றைக்கு இங்கே எழுதிக் கொடுக்கிறேன். மூடி சார் நேரில் வந்தார், பார்த்தார். அது என் வீடு இல்லை. சார், நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.