பத்து நொடிக் கோபம்

மனைவியின் அதட்டலுக்கு இன்றோடு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று காதுக்காரர் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அது ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். வேலை அப்படி. வாடிக்கையாளர்கள் போனில் பேசிய பதிவுகளைப் பத்துப் பத்து நொடியாகக் கேட்டு, கோபமா, சலிப்பா, சந்தோஷமா என்று குறித்துக் கொடுக்க வேண்டும். ஊரார் கோபத்தையெல்லாம் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு வீட்டில் மட்டும், "நான் எங்கங்க கத்தினேன்?" என்பதுதான் பதில்.

ஆகவே பந்தயம். அவள் பேச்சைப் பதிவு செய்து ஆபீஸில் மூன்று பேரிடம் கொடுப்பது. கோபம் என்று வந்தால் அவள் இனி குரலை உயர்த்தக் கூடாது. வராவிட்டால் ஒரு மாதம் பாத்திரம் தேய்ப்பது இவர் பொறுப்பு. அவள் உடனே சரி என்றாளே, அப்போதே இவர் உஷாராகியிருக்க வேண்டாமா?

ஞாயிறன்று செல்போனில் பதிவைத் தட்டிவிட்டுப் பேப்பரில் மூழ்கினார். மறுநாள் அதில் பத்து நொடியை மட்டும் வெட்டிக் கொடுத்தார். "உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?" மூன்று பேரும் யோசிக்காமல் 'கோபம்' என்று குறித்தார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் அந்தத் தாளை நீட்டியபோது இவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்களா?" என்றாள்.

"பத்து நொடிதான். அதான் விதி."

"விதி உங்க ஆபீஸுக்கு. பந்தயம் என் பேச்சுக்கு. முழுசாக் குடுங்க."

"குடுக்கறேன். எனக்கென்ன பயமா?"

மறுநாள் ஆபீஸில் முழுப் பதிவையும் கொடுத்தார். கால் மணி நேரம் ஓடியது. தொட்டி நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க, என் கையெல்லாம் சோப்பு என்று அவள் பதினோரு முறை நயமாகச் சொல்கிறாள். சுவிட்ச் இவர் தலைக்கு மேலேயே இருக்கிறது. பதினோரு முறையும் 'உம்' என்கிறார். பன்னிரண்டாவதுதான் அந்தப் பத்து நொடி. அதே மூன்று பேர், அதே பத்து நொடி, இந்த முறை 'பொறுமை' என்று குறித்தார்கள். "நானா இருந்தா பேப்பரோட சேத்து உங்களையும் தொட்டியில போட்டிருப்பேன்" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. தாளில் இரண்டாவது குரலுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதாவது இவருடைய 'உம்'முக்கு. அதில் மூவரும் எழுதியிருந்தது: பின்னணி இரைச்சல்.

வீட்டில் அவள் தாளைப் படித்தாள். பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக் கொடுத்தாள்.

தோற்றாலும் பணிவதா? காதுக்காரர் பாத்திரத்தின் மேல் பாத்திரத்தைப் போட்டு வீடே அதிர உருட்டினார். இது கோபம்தான், எவன் வேண்டுமானாலும் குறித்துக்கொள்ளட்டும். கூடத்தில் அவள் போனில் இருந்தாள். அது என்ன சத்தம் என்று அவள் அக்கா கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லைக்கா. பின்னணி இரைச்சல்."