வரதன் மேல் பதினொரு புகார்

"ஒண்ணுகூட இல்லையா?" மறுபடியும் கேட்டார் சூப்பிரண்டெண்ட் ஸ்டானிஸ்லாஸ்.

குமாஸ்தா வரதன் புகார்ப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக் காட்டினார். விரலில் துருதான் ஒட்டியது.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் அலுவலகம் அது. லஞ்சப் புகார் போட வெளிச்சுவரில் பெட்டி மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. இன்றுதான் முதல்முறையாகத் திறக்கிறார்கள். மறுநாள் டெல்லியிலிருந்து கண்காணிப்புக் குழு வருகிறது. கூடவே, உலகம் பூராவும் லஞ்சத்தை ஒழிக்கும் ஏதோ ஒரு சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர்.

"நல்லதுதான சார்? யாரும் லஞ்சம் வாங்கலன்னு ஆவுது."

"யோவ், நம்ம ஆபீஸ நம்புவானா? நாமளே எடுத்துக் கிழிச்சிப் போட்டோம்பான். சின்னதா ஒரு புகார் எழுதிப் போடு."

"யார் மேல சார்?"

ஏழு பேர் ஒரே நேரத்தில் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

"உன் மேலதான். இருபத்தாறு வருஷமா ஒருத்தன் கையால டீ வாங்கிக் குடிக்காத ஆளு. உனக்கு ஒண்ணும் ஆவாது."

பாராட்டா தண்டனையா என்று வரதனுக்கு விளங்கவில்லை. 'குமாஸ்தா வரதன் டீ கேட்டு வாங்கினார்' என்று எழுதினார்.

டைப்பிஸ்ட் சுகிர்தம் உதட்டைப் பிதுக்கினாள். "டீக்கு எவன்ணா புகார் குடுப்பான்? அரைக் கிலோ எறான்னு போடுங்க."

"எறா துன்னா எனக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிப்பூடும்மா!"

"வாங்கினீங்கன்னுதான எழுதறோம்? துன்னீங்கன்னா எழுதறோம்?"

டீயை அடித்துவிட்டு இறால் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கெடந்தா செட்டப்னு தெரிஞ்சிடும்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "இன்னும் பத்து போடுங்க."

வேறு யாரும் பெயர் தர முன்வரவில்லை. ஆனால் எழுத எல்லோரும் வந்தார்கள். நண்டு, வஞ்சிரம், சுறா என்று ஆளுக்கொன்றாய் ஏற்ற, கடைசிப் புகாரில் வரதன் ஒரு விசைப்படகே வாங்கியிருந்தார்.

மறுநாள் குழுத் தலைவி செங்கொடி பெட்டியைத் திறந்து உரக்கப் படித்தார். வெள்ளைக்காரருக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, விசைப்படகு வந்ததும் அவர் பேனா நின்றுபோனது.

"வரதன் யாரு?"

வரதன் எழுந்தார். ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது.

"இத்தினி வருஷமா எங்களையே ஏமாத்தியிருக்கானே மேடம்!" என்று நெஞ்சில் கை வைத்தார் ஸ்டானிஸ்லாஸ்.

வரதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம்... அதெல்லாம் நாங்களே எழுதினது!"

"நாங்கன்னா?"

அறையில் ஒரு தலையும் நிமிரவில்லை.

"நா... நானே எழுதினது மேடம்."

செங்கொடி முதல் தாளை அவர் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மேசை மேல் வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"வெளிய நில்லுங்க."

வாசலில் குழுவின் ஜீப் நின்றிருந்தது. டிரைவர் தமீம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"இன்னா சார் நீங்க! அந்தப் பொட்டிக்கு இன்னொரு சாவி எங்க உள்ளூர் ஆபீசுல கீது. மாசா மாசம் ஞாயித்துக்கெழம வந்து, புகாருங்கள மூட்ட கட்டிக்கினு போறோம். இந்த ஆபீசுல ஒரு புகாருகூட இல்லாத ஒரே ஆளு நீங்கன்னு, பொன்னாட போத்தத்தான் சார் டெல்லிலேர்ந்து வந்தாங்க!"