யாகப்பு அண்ணையின்ரை லென்ஸ்

மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, தொண்டைமானாற்று நீரேரிக் கரையில் நின்றபடி உடுப்பிட்டிக் குலேந்திரன் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தார். இனி இந்தப் பிறவியில் கமராச் சாமான் ஒன்றும் வாங்குவதில்லை. நல்ல தீர்மானம்தான். ஆனால் அதை எடுத்த நேரம் அவருடைய தோளில் மூன்று கிலோ லென்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தியும் பஸ்ஸும் ஒரே குணம். நாங்கள் நடந்து களைத்த பிறகுதான் வரும்.

அவரை லேசாக நினைக்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சர். அரிசி மூட்டையை ஒரு தட்டுத் தட்டி உள்ளே எவ்வளவு தவிடு என்று சொல்லுவார். தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டி அது எந்த மாதத்துத் தேங்காய் என்று சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து ஏமாந்தார் என்றால் அதற்கு விதி என்றுதான் பெயர். வீடியோவில் ஒருவன் முழங்கை நீள லென்ஸை ஏந்திக்கொண்டு, இது கையில் இருந்தால் கால் மைலுக்கு அப்பால் நிற்கிற பறவையின் இமைமயிரையும் எண்ணலாம் என்றான். பறவைக்கு இமைமயிர் உண்டோ என்று குலேந்திரன் யோசிக்கவில்லை. அவர் யோசித்தது சங்கத்தின் அடுத்த வருசக் கலண்டரை. அதிலே செக்கச்செவேலென்று பூநாரைக் கூட்டம். கீழே சின்ன எழுத்தில், ‘படம்: சி. குலேந்திரன்’.

மகள் தனுசியா கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன கமரா வீட்டில் இருந்தது. லென்ஸும், அதைத் தாங்க ஒரு ஸ்ராண்டும், பையும் மார்கழியில் கொழும்பு பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கின.

கரைச்சல் என்னவென்றால், அந்த வீட்டுக்கு வரவேண்டிய சாமான் வேறு. ஆடி மாதம் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்ததில் அவருடைய மனைவி சிவகௌரிக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. படுக்கை விரிப்பைப் பிழிந்தால் கை விண்விண்ணென்று இடிக்கும். தீபாவளி முடிய வோஷிங் மெசின் வாங்குவோம் என்று குலேந்திரன் வாக்குக் கொடுத்தார். தீபாவளி முடிந்தது. காசு கொஞ்சம் இறுக்கம், சித்திரை வருசத்துக்குப் பார்ப்போம் என்றார். சிவகௌரி “ஓம்” என்றாள்.

சிவகௌரியின் ‘ஓம்’ பலவிதம். சம்மதத்துக்கு ஒரு ஓம். கேட்கவில்லை என்பதற்கு ஒரு ஓம். ‘உங்களை எனக்குத் தெரியும்’ என்பதற்கு, கொஞ்சம் இழுத்து, ஒரு ஓம். இருபத்தாறு வருசம் குடித்தனம் நடத்தியும் குலேந்திரனுக்கு மூன்றாவது பிடிபடவில்லை.

பார்சல் வந்த அன்று அவர் லென்ஸை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோது, கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு அவள் உள்ளே வந்தாள்.

“ஆரின்ரை உது?”

என்ரை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண் அவளுடைய மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியில் விழுந்தது. வாய் வேறு ஒழுங்கையால் திரும்பிவிட்டது.

“யாகப்பு அண்ணையின்ரை,” என்றார். “இரவல்.”

யாகப்பு சங்கத்து லொறியை முப்பது வருசம் ஓட்டி ஓய்வுபெற்றவர். குருநகர் ஆள். இப்போது நெல்லியடியில் மகள் வீட்டோடு இருக்கிறார்; மருமகனுக்கு அங்கே ஒரு மின்சாமான் கடை. மாதா கோயிலில் முதல்நன்மை, கலியாணம் என்றால் போய்ப் படம் எடுப்பார். ஆகவே பொய் பொருந்தித்தான் வந்தது.

“இரவலோ?” என்றாள் சிவகௌரி. “அப்ப கவனம் அப்பா. ஆக்களின்ரை சாமான்.”

அன்று பின்னேரமே குலேந்திரன் பில்லைக் கிழித்தார். பெட்டியை வாழைச் சருகோடு போட்டு எரித்தார். தன்னுடைய பேரும் விலாசமும் எழுதின உத்தரவாத அட்டை ஒன்றும் அதற்குள் இருந்ததே என்பது மறுநாள்தான் நினைவு வந்தது. அதுவும் எரிந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அட்டை கடிக்கிற நேரம் யாருக்குத்தான் தெரிந்தது?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் லென்ஸுக்கு நடந்த மரியாதை மாப்பிள்ளைக்கும் நடந்திராது. சிவகௌரி அதைத் துவைத்த துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைத் தன் கோர்வையில் கோத்துக்கொண்டாள். இரவல் சாமானில் ஒரு கீறல் விழுந்தாலும் யாகப்பு அண்ணையின் முகத்தில் எப்படி முழிப்பது என்பது அவளுடைய கவலை. ஒவ்வொரு ஞாயிறும் குலேந்திரன் தன்னுடைய லென்ஸைத் தன்னுடைய மனைவியிடம் கேட்டு வாங்கி, இருட்ட முதல் திருப்பி ஒப்படைக்க வேண்டியிருந்தது. போதாததற்கு, ஊரார் சாமானைச் சும்மா வைத்திருப்பது முறையில்லை என்று, இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாகப்புவுக்கு முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தாள். ஒருமுறை, காலம் தப்பிக் காய்த்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம். குலேந்திரனுக்கு மிகப் பிடித்த பழம் அது. மணந்து பார்த்துக்கொண்டே நெல்லியடி வரைக்கும் சைக்கிள் மிதித்தார்.

காரணம் இல்லாமல் முருங்கைக்காய் வந்துகொண்டிருந்தால் யாகப்புவும் என்ன நினைப்பார்? கடைசியில் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. யாகப்பு வடிவாகக் கேட்டார். தான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்றார். ஆனால் கேளாத கேள்விக்குப் பதில் சொல்லுகிற ஆளும் இல்லை என்று சேர்த்துச் சொன்னார். குலேந்திரனுக்கு அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் ஏறியது.

சரி, இவ்வளவு பாடுபட்டு வைத்திருந்த லென்ஸ் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறு ஒன்பதரைக்கு இடியப்பமும் சொதியும் முடித்து, ஒரு தேத்தண்ணியும் குடித்து, அவர் நீரேரிக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகும். பூநாரைகள் நிற்கும். இவர் அழுத்துவார். வீட்டுக்கு வந்து பார்த்தால், யாரோ நூறு ரோசாச் சட்டைகளைத் தண்ணிக்குமேல் காயப்போட்ட மாதிரி ஒரு கலங்கல். வாடைக்காற்று அடித்தால் ஸ்ராண்ட் கூத்தாடும். மீன்கொத்திக்குக் குறி வைத்தால் லென்ஸ் உள்ளுக்குள் ‘கிர்... கிர்’ என்று தேடும். தேடி முடிக்கையில் மீன்கொத்தி மீனைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடும். ஒரு நாள் தாழம்புதருக்குள் சரசரத்தது. என்ன அரிய பறவையோ என்று குனிந்தால் நாகபாம்பு. அவ்வளவு நாளும் அந்தக் கரையில் ஒழுங்காகப் படம் எடுத்தது அது ஒன்றுதான்.

வெள்ளன எழும்பிப் போய்ப் பாருங்கோவன் என்று சிவகௌரி ஒருமுறை சொன்னாள். கமராவைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று குலேந்திரன் கேட்டார். அவள் “ஓம்” என்றாள். மூன்றாவது ஓம்.

மானம் கப்பலேறியது அவளுடைய பிறந்தநாள் அன்றுதான். அம்மாவைச் சீலையோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ என்று தனுசியா கேட்டிருந்தாள். சிவகௌரி மாம்பழக் கரைச் சீலை உடுத்து முற்றத்தில் வந்து நின்றாள். குலேந்திரன் லென்ஸால் பார்த்தார். மூக்குத்தி மட்டும் தெரிந்தது. பின்னால் போனார். மூக்கு தெரிந்தது. படலையைத் திறந்து ஒழுங்கைக்குப் போனார். முகம் வந்தது. தெருவைக் கடந்து மதகில் ஏறி நின்ற பிறகுதான் சீலை முழுக்க வந்தது. அங்கே நின்று அவர் “சிரியும்” என்று கத்த, ரியூசனுக்குப் போன பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அழுத்துகிற நேரம் குறுக்கே பருத்தித்துறை பஸ் போனது. கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது பஸ்ஸின் படம். அயல்வீட்டுச் சின்னாச்சி மாமி தன் ரெலிபோனால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் படத்தைத்தான் தனுசியா சட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்று குலேந்திரன் அந்த லென்ஸை வெறுத்தார். அதைவிடத் தன்னைத்தான் கூடுதலாக வெறுத்தார். பிறந்தநாளும் அதுவுமாக, படம் எடுத்து முடிந்த கையோடு, சிவகௌரி சீலையை மாற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் இடது கையால் உடுப்புப் பிழிந்ததை அவர் கண்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டவன் வேறு யாரையும் நோகவும் முடியாது.

ஆகவேதான் நீரேரிக்கரைத் தீர்மானம். தீர்மானத்தோடு ஒரு திட்டமும் வந்தது. யாகப்பு அண்ணை லென்ஸைத் திருப்பிக் கேட்கிறார் என்று சிவகௌரியிடம் சொல்லுவது. வாங்கிக்கொண்டுபோய் யாருக்காவது தள்ளிவிடுவது. சித்திரை வருசத்துக்கு முதல் வோஷிங் மெசினைக் கொண்டுவந்து இறக்கி, ‘பாத்தீரோ, சொன்ன சொல்லுத் தவறமாட்டன்’ என்று நிற்பது. பொய்யும் அழிந்துவிடும், வாக்கும் நின்றுவிடும். யோசிக்க யோசிக்க அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கத்திலிருந்து வந்து, முற்றத்து வாளித் தண்ணியில் முகம் கழுவி, விபூதி பூசி, குரலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

“இஞ்சாரும். யாகப்பு அண்ணை அந்த லென்ஸைக் கேக்கிறார்.”

“அதுதான் குடுத்திட்டனே,” என்றாள் சிவகௌரி.

விடியப்புறம், அவர் எழும்ப முதலே, தானே நெல்லியடிக்குப் போனாளாம். இரவல் சாமான் கனநாள் வீட்டில் தங்கக்கூடாதாம். வருசம் பிறக்கிற நேரம் ஊரார் பொருளை வைத்திருந்தால் வீட்டுக்கு ஆகாதாம். கமராவும் அந்த லென்ஸோடுதானே வேலை செய்கிறது என்று அதையும் சேர்த்துக் கொடுத்தாளாம். வெறும் பையாகக் கொடுப்பது அழகில்லை என்று பக்கத்துப் பைக்குள் பயித்தம்பணியாரமும் வைத்துக் கொடுத்தாளாம். இதெல்லாம் சொல்லிவிட்டு, இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியக்கூடாது பாருங்கோ என்று ஒரு பழமொழியும் சொன்னாள். குலேந்திரன் சைக்கிளை எடுத்தார்.

யாகப்பு விறாந்தையில் இருந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தார். குலேந்திரனைக் கண்டதும் ஒன்றை நீட்டினார். குலேந்திரன் வாங்கவில்லை. லென்ஸ் எங்கே என்று கேட்டார். மருமகன் கிறிஸ்ரோபர் கொண்டுபோய்விட்டான் என்றார் யாகப்பு. அவனுக்குப் பறவை என்றால் பைத்தியமாம். காலையில் பை வந்தது, பொறுக்கமாட்டாமல் உடனேயே கரைக்கு ஓடி ஒரு படமும் எடுத்துவிட்டான் என்று தன் போனைக் காட்டினார்.

பூநாரை. ஒன்றே ஒன்று. தண்ணீரில் அதன் காலுக்கு ஒரு கால். இறகு இறகாக எண்ணலாம். இமைமயிர் இல்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

“வெயில் ஏற முதல் எடுக்கவேணுமாம், மனேச்சர். ஏறினால் உப்புத் தண்ணியிலை கானல் எழும்பிப் படம் கலங்கிப்போகுமாம்.”

அது அதே லென்ஸ்தானா என்று குலேந்திரன் இரண்டு தரம் கேட்டார். அதே லென்ஸ்தான். அவருக்கு அழுகை வருமாப்போல் இருந்தது. சமாளித்துக்கொண்டு, சிவகௌரி வேறு ஏதும் கேட்டாளோ என்று மெதுவாக விசாரித்தார்.

“கேட்டவ. ‘அண்ணை, இது உங்கடையோ’ எண்டு.”

“நீங்கள்?”

“தவக்காலம், மனேச்சர். பொய் சொல்லுவனே? இல்லைத் தங்கச்சி எண்டன்.” யாகப்பு பணியாரத்தைக் கீழே வைத்தார். “அதுக்கு அவ, ‘இல்லை அண்ணை, உங்கடைதான். அவர் சொன்னவர். அவர் என்னட்டைப் பொய் சொல்லமாட்டார்’ எண்டா. நான் என்ன செய்ய?”

அடித்திருந்தாலும் குலேந்திரனுக்கு இவ்வளவு நொந்திராது. பிறகு யாகப்பு, கிறிஸ்ரோபர் சும்மா வாங்கவில்லை, தன்னுடைய கடையிலிருந்து மாற்றாக ஒரு சாமான் ஏற்றிப் பின்னேரம் அனுப்பினவன் என்று இழுத்தார். என்ன சாமான், எங்கே அனுப்பினவன் என்று மட்டும் கேட்கவேண்டாம், கேட்டால் சொல்லிப்போடுவேன் என்றார். குலேந்திரன் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் ஒரு புதுத் தீர்மானம் எடுத்துக்கொண்டு வந்தார். போனதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளுவது. லென்ஸ் என்னுடையது, பொய் சொன்னேன், உம்முடைய கை நோகிறபோதுதான் வாங்கினேன், மன்னித்துக்கொள்ளும். படலைக்கு வரும்போது மனப்பாடமாகிவிட்டது. நேரே கிணற்றடிக்குப் போனார்.

கிணற்றடிச் சாய்ப்புக்குள், தும்பைப் பூ நிறத்தில், ஓராள் இடுப்பு உயரத்தில் அது நின்று மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவருடைய வேட்டி கரணம் அடித்தது. பக்கத்தில் கதிரை போட்டுச் சிவகௌரி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். உடுப்புத் தோய்கிற நேரத்தில் அவள் இருந்ததை அவர் இந்த இருபத்தாறு வருசத்தில் கண்டதில்லை. மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது.

“ஆரின்ரை இது?” என்று மட்டும் கேட்டார்.

“யாகப்பு அண்ணையின்ரை,” என்றாள் சிவகௌரி. “இரவல்.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து இரண்டு உத்தரவாத அட்டைகளை எடுத்தாள். ஒன்று புதிது. மற்றது லென்ஸினுடையது, மார்கழியிலேயே எரிந்துபோயிருக்க வேண்டியது. பழையதை அவருடைய கையில் வைத்தாள்.

“அதிலை உங்கடை பேரை எழுதினபடியால்தானே இவ்வளவு கரைச்சல். இதிலை நான் யாகப்பு அண்ணையின்ரை பேரைத்தான் எழுதுவிச்சனான்.”