பதினேழாம் நம்பருக்கு ஒரு பிரிவு உபசாரம்

அமெரிக்கக் கால்பந்தை அரசு ஊழியர் பணி விதிகளை மனதில் வைத்துக்கொண்டு பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் சீனியாரிட்டி அங்கிள். பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, தணிக்கை செய்தார்.

டெக்சாஸில், ரிச்சர்ட்சன் என்ற ஊரில் எங்களுக்கு எதிர் பிளாக்கில் இருந்தார். கோபிப் பக்கம் ஓர் அரசாங்க ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டி, சூப்பரிண்டெண்டாக ரிடையர் ஆகி, மகனோடு வந்து சேர்ந்தவர். மகன் வீட்டு டீவியில் ஞாயிறு பூராவும் சீரியல் ஓடும். அதனால் சட்டைப் பையில் பேனாவும் கையில் முறுக்கு டப்பாவுமாக என் வீட்டுக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பேனா எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாளே, ஆட்டத்தை விட்டுவிட்டு, ஓரமாகத் தொப்பியோடு நின்ற ஓர் ஆறரையடி ஆளைக் காட்டினார்.

"ஏனுங்க தம்பி, அந்தப் பையன் எதுக்குங்க அட்டையப் புடிச்சுக்கிட்டு சும்மா நிக்கறான்?"

"அவர் பேக்கப் குவார்ட்டர்பேக் அங்கிள். பந்தை எறியற மெயின் ஆளுக்கு அடிபட்டாதான் இவரை இறக்குவாங்க."

"எத்தன வருசமா நிக்கறானுங்க?"

"ஒம்பது வருஷமா."

அங்கிள் முறுக்கைக் கீழே வைத்தார். "ஒம்பது வருசமா இன்சார்ஜ் பாக்கறதுக்கே காத்துக்கிட்டு நிக்கறானா? இது நாயமுங்களா?"

அன்றிலிருந்து பதினேழாம் நம்பர் சட்டை போட்ட அந்த ஆள் அங்கிளின் சொத்தாகிவிட்டான். அந்த சீசனிலேயே மெயின் ஆளுக்குக் கணுக்கால் பிசகியது. பதினேழு இறங்கி நான்கு ஆட்டம் ஆடி மூன்றை ஜெயித்துக் கொடுத்தான். அந்த நான்கு வாரமும் அங்கிள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், மகனைக் கலெக்டராகப் போட்டுவிட்ட மாதிரி! ஐந்தாவது வாரம் கணுக்கால் சரியாகிவிட்டது. பதினேழு பழையபடி அட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றான். "ரிவர்ஷன் பண்ணிப்போட்டாங்களே!" என்று அங்கிள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

அடுத்த வருஷம் அதைவிட அநியாயம். மெயின் ஆள் வேறு டீமுக்குப் போய்விட்டார். இனி நம் ஆள்தான் என்று அங்கிள் கேசரியே கிண்டி எடுத்து வந்தார். டீம்காரர்களோ காலேஜ் முடித்த கையோடு ஒரு பொடியனைக் கூட்டி வந்து நேராக மெயின் ஆளாக்கினார்கள். அங்கிளுக்கு உலகத்தில் ஆகவே ஆகாத ஒரே பிராணி டைரக்ட் ரெக்ரூட். பரீட்சை எழுதிவிட்டு நேராகத் தலைக்கு மேல் வந்து உட்காருகிறவன். அந்தப் பொடியன் அறுபது கஜம் எறிந்தாலும் அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டு முறுக்கு தின்றார்.

"மனு போடோணுமுங்க தம்பி."

"யாருக்கு அங்கிள்?"

"கோச்சுக்கு. காப்பி டு ஓனர். நான் சொல்றேன், நீங்க டைப் பண்ணுங்க."

பதினாறு வருஷ அனுபவமுள்ள சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் நான். ஒரு ஞாயிறு முழுக்க அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பொருள்: பணிமூப்பைப் புறக்கணித்து இளையவருக்குப் பதவி அளித்தது தொடர்பாக. பார்வை: டீவியில் நேரில் கண்டது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ரசிகராக இருப்பதற்கு நன்றி என்று ஓர் அட்டை, ஒரு ஸ்டிக்கர், சீசன் டிக்கெட் வாங்கச் சொல்லி ஒரு நோட்டீஸ். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அங்கிள் ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்னாலட்ஜ்மெண்ட் குடுத்துட்டாங்க பாத்தீங்களா? ஃபைல் நகருதுங்க."

ஃபைல் நகர்ந்ததோ இல்லையோ, பதினேழு நகர்ந்துவிட்டான். அடுத்த சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, பத்து வருஷம் ஒரே டீமில் நின்றவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அங்கிள் என் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் ஆபீஸ் வீடியோ காலில் இருந்தேன், மியூட் போடாமல்.

"டெர்மினேட் பண்ணிப்போட்டாங்க தம்பி! மெமோ குடுத்தாங்களா? விளக்கம் கேட்டாங்களா? என்ன அக்குறும்புங்க இது!"

'டெர்மினேட்' ஒன்றுதான் எல்லாருக்கும் புரிந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த பன்னிரண்டு பேரும் கப்சிப். யாருக்கு, யாருக்கு என்று என் மேனேஜரே நடுங்கிப்போய்க் கேட்டார். சமாளித்து அந்த மீட்டிங்கை முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"இங்க அப்படித்தான் அங்கிள். காரணமே சொல்ல வேண்டாம். என்னைக்கூட நாளைக்கே அனுப்பலாம்."

"உங்களையுமா?" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரி, அந்தப் பையனுக்குப் பிரிவு உபசாரமாச்சும் நடந்துச்சுங்களா? ஒரு மாலை, ஒரு பொன்னாடை?"

"அதெல்லாம் கிடையாது அங்கிள்."

அப்போதுதான் அவருக்கு நிஜமான கோபம் வந்தது. பதவி கொடுக்காததைக்கூட மன்னித்திருப்பார். உழைத்தவனை ஒரு மாலைகூடப் போடாமல் அனுப்பியதை அவரால் பொறுக்க முடியவில்லை. "அதையாச்சும் நாம செஞ்சே தீரோணுமுங்க" என்று எழுந்தார்.

இரண்டு வாரம் கழித்து, பக்கத்து ஊரான பிளேனோவில் ஒரு கார் ஷோரூமுக்கு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட அவன் வருவதாகத் தெரிந்தது. அங்கிள் இந்தியக் கடையில் சொல்லிவைத்து ரோஜா மாலை வாங்கினார். பொன்னாடை, மகன் கல்யாணத்தில் வந்தது. வரிசையில் எல்லார் கையிலும் பந்து. எங்கள் கையில் மாலை. மானம் போயிற்று எனக்கு.

எங்கள் முறை வந்தது. இது என்ன என்று அவன் கேட்டான்.

"ஃபேர்வெல் ஃபங்ஷன், சார்," என்றார் அங்கிள். "லேட் பை டூ வீக்ஸ். வெரி சாரி."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அங்கிளுக்கு எட்டாது என்று பார்த்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தலையைக் குனிந்தான். மாலை விழுந்தது, பொன்னாடை ஏறியது. என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று அங்கிள் விசாரித்தார்.

"ஆட்டத் திட்டங்கள் எழுதிய பிளேபுக்கைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள் சார். நான்கு நிமிஷம்தான். அப்புறம் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்."

அங்கிள் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "தனியாப் போயிருக்கானுங்க தம்பி."

எங்கள் ஊர் ஆபீஸ்களில் ரிடையர் ஆனவரைத் தனியாக அனுப்புவதில்லை. மாலையும் கழுத்துமாக வண்டியில் ஏற்றி, கூட வேலை பார்த்தவர்கள் வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள்.

"நான் ரிடையர் ஆன அன்னிக்கு எல்லாத்துக்கும் எலெக்‌ஷன் டூட்டிங்க. ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இல்ல. டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ல போனேன். அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. இன்னிக்காச்சும் இவனை நாம கொண்டுபோய் விடோணும். சொல்லுங்க அவன்கிட்ட."

செக்யூரிட்டியைக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தோடு சொன்னேன். அவன் கடைசி வரை கேட்டான். வரிசை முடியும்வரை காத்திருக்க முடியுமா என்றான்.

ஃப்ரீவேயில் முன்னால் அவன் பிக்கப் டிரக். பின்னால், அங்கிள் உத்தரவுப்படி ஹசார்ட் விளக்கு மினுக்கிக்கொண்டு என் கார். டெக்சாஸே எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தது. நாங்கள் பின்தங்கிய போதெல்லாம் டிரக் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மாலையோடு இறங்கிய புருஷனைப் பார்த்து அவன் மனைவி வாசலில் திகைத்து நின்றாள். அங்கிள் நிமிர்ந்து நின்றார்.

"ஹேண்டிங் ஓவர், மேடம். டென் இயர்ஸ் சர்வீஸ். நோ அட்வர்ஸ் ரிமார்க்ஸ்."

சிரிக்க ஆரம்பித்த அந்தப் பெண் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கிள் பிறகு ஊருக்கே திரும்பிவிட்டார். போன வருஷம் என் கம்பெனி என்னையும் அனுப்பியது. ஆபீசுக்கு வரச்சொல்லி ஆறே நிமிஷத்தில் முடித்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அட்டைப்பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, மனைவிக்குச் சொல்ல வாய் வராமல், அங்கிளைக் கூப்பிட்டேன்.

"இப்ப எங்கிருக்கீங்க தம்பி?"

"பார்க்கிங்ல அங்கிள். வீட்டுக்குத்தான் கிளம்பறேன்."

"கூட யாருங்க?"

"யாரும் இல்ல."

"போனை வெச்சுப்போடாதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டு வண்டிய எடுங்க."

பதினோரு மைலும் என் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்தார். என் வாசலில் வண்டி நின்ற பிறகுதான் நிறுத்தினார். எனக்காக இவ்வளவு கோபப்பட்ட மனிதர் வேறு யாரும் இல்லை.